மாடியில் கரி அடுப்பு: வாசகர் கேள்வி – பதில்

புத்தாண்டு முடிந்த இரண்டு வாரங்களுக்குள் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவையாக இருந்தமையால், இந்த இதழில் மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு அவற்றுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன். மொட்டை மாடியில் கோழியும் பன்னீரும் சுடுவதற்காக வாங்கப்படும் கரி கிரில்தான் அந்தப் பொருள். கடிதங்களை அடுக்கிவைத்துப் படித்தபோது ஒன்று புலப்பட்டது. கொழுந்துவிட்டு எரியும் தீயைக் கண்டு அஞ்சி விலகுகிற நாம், கொழுந்து அடங்கிச் சிவந்து கிடக்கும் கங்கைக் கண்டதும் 'இனிப் பயமில்லை' என்று நினைத்துவிடுகிறோம். எழுதியவர்களுக்கு நேர்ந்த சேதங்களில் அநேகமாக எல்லாமே அந்த இரண்டாம் கட்டத்தில்தான் நேர்ந்திருக்கின்றன.

கேள்வி: மகனின் பிறந்தநாளன்று மாடியில் கரி கிரில் வைத்தோம். அடுப்பின் கால்கள் ஒரு சாண் உயரம்தான் இருக்கும். முக்கால் மணி நேரம் கழித்து 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. அடுப்பை நகர்த்திப் பார்த்தால், போன ஆண்டு ஒட்டிய வெள்ளைக் கூலிங் டைல்ஸில் மூன்று வெடித்திருந்தன. ஒன்று மேலே தூக்கிக்கொண்டிருந்தது. பதறிப்போய் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினோம். கீழே உள்ள கான்கிரீட் தளமும் பாதிக்கப்பட்டிருக்குமா? — தாம்பரம் வாசகி

பதில்: அடுப்பின் சூடு மேலேதான் போகும் என்று நினைக்கிறோம். சூடான காற்று மேலே போவது உண்மைதான். ஆனால் கங்கிலிருந்து வெளிப்படும் வெப்பக் கதிர்வீச்சுக்கு மேல், கீழ் என்ற பேதம் கிடையாது. கோழித்துண்டை எந்த வேகத்தில் தாக்குகிறதோ ஏறத்தாழ அதே வேகத்தில் அடுப்பின் அடித்தகட்டையும் தாக்கும். நன்றாகப் பிடித்த மரக்கரிக் கங்கு 700 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும். மங்கிய சிவப்பாகக் கிடக்கும் 600 டிகிரிக் கங்கு காற்றுப் பட்டு 900 டிகிரிக்கு ஏறினால், வெப்பம் ஒன்றரை மடங்குதான் கூடும் என்று கணக்குப் போடக் கூடாது. கதிர்வீச்சு மூன்று மடங்குக்கும் மேலாகிவிடும். மெல்லிய அடித்தகடு அதை வாங்கித் தானும் கொதித்து, ஒரு சாண் கீழே இருக்கும் டைல்ஸின் மீது இறக்குகிறது.

டைல்ஸின் மேற்பரப்பு சுட்டு விரிய, அடிப்பரப்பு குளிர்ந்தே இருக்க, நான்கு பக்கமும் அண்டை டைல்ஸ் நெருக்கிக்கொண்டு நிற்க, விரிவதற்கு இடமில்லாமல் அது நடுவில் எழும்பும். இதோடு, வடகிழக்குப் பருவமழை முடிந்த சில வாரங்களில் மாடித் தளத்துக்குள் ஈரம் தங்கியிருப்பது வழக்கம். தண்ணீர் நீராவியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகும். வெளியேற வழியில்லாத இடத்தில் அது ஒட்டுக்கலவையைப் பிளந்துகொண்டுதான் வெளியே வரும். நீங்கள் கேட்ட 'டப்' அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். அதன் மேல் கொட்டிய வாளித் தண்ணீர் நல்லெண்ணத்தில் செய்த இரண்டாவது தவறு. சுட்ட ஓடு திடீரென்று குளிர்ந்தால், வெடிக்காமல் தப்பியதும் வெடிக்கும்.

இனி கான்கிரீட்டுக்கு வருவோம். சாதாரணக் கான்கிரீட் சுமார் 300 டிகிரி வரை பெரிய அளவில் வலுவிழப்பதில்லை. அதற்கு மேல் போனால் சிமெண்டுக் கலவையில் கட்டுண்ட நீர் வெளியேறி வலு குறையத் தொடங்கும். இரும்புச் சேர்மங்கள் கொண்ட ஜல்லியாக இருந்தால் இளஞ்சிவப்பு நிறமும் தட்டும். 573 டிகிரியில் மணலில் உள்ள குவார்ட்ஸ் திடீரென்று பருத்து உள்ளிருந்தே விரிசலை உண்டாக்கும். ஆனால் உங்கள் மாடியில் டைல்ஸுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்தோ சிமெண்டுக் கலவையாகவோ சில அங்குலப் பூச்சு இருக்கும்; அதைக் கடந்து முக்கால் மணி நேரச் சூடு கீழே இறங்குவது கடினம். கீழ் அறையின் கூரையைப் பகல் வெளிச்சத்தில் அண்ணாந்து பாருங்கள். புதிய விரிசலோ பூச்சு உதிர்வோ இல்லையென்றால் தளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

நான் கவலைப்படுவது தண்ணீரைப் பற்றி. டைல்ஸின் இடுக்குப் பூச்சும் அடியிலுள்ள நீர்க்காப்புப் பூச்சும் கான்கிரீட் தாங்கும் சூட்டில் பாதியைக்கூடத் தாங்கமாட்டா. வெடித்த இடத்தைச் சுற்றி இரண்டு டைல்ஸ் தொலைவு வரை ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். 'ணங்' என்று கெட்டியாக ஒலித்தால் ஒட்டு நன்றாக இருக்கிறது. 'தொப்' என்று பொள்ளலாக ஒலித்தால் அடியில் விட்டுப்போயிருக்கிறது. பொள்ளலாக ஒலிக்கும் அத்தனையையும் பெயர்த்து, நீர்க்காப்பைச் சரிசெய்து, மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். வெடித்த மூன்றை மட்டும் மாற்றினால் அடுத்த ஐப்பசியில் கீழ் அறையில் ஒழுகும்.

அடுத்த முறை அடுப்புக்குக் கீழே இரண்டு வரிசைச் செங்கலைக் கல்லுக்குக் கல் இரண்டு விரல் இடைவெளி விட்டு அடுக்கி, அதன் மேல் ஒரு இரும்புத் தட்டில் ஓர் அங்குல உயரத்துக்கு உலர்ந்த மணலைப் பரப்பி, அந்த மணலின் மேல் அடுப்பை வையுங்கள். இடைவெளியில் காற்று ஓடுவதுதான் இதில் முக்கியம். செங்கலும் மணலும் காய்ந்திருக்க வேண்டும். மழையில் கிடந்ததை அப்படியே எடுத்துவந்தால் பழைய கதைதான்.

செங்கலுக்குப் பதில் மிச்சம் கிடக்கும் கிரானைட் பலகையை வைக்கலாமா என்று இன்னும் இருவர் கேட்டிருந்தனர். வேண்டாம். எங்கள் வீட்டுப் பின்புறத்தில் துணி துவைக்கும் கருங்கல் மேடை ஒன்று இருந்தது. கல்தானே, என்ன ஆகிவிடும் என்று அதன் மேல் சிறிய கிரில் ஒன்றை நான் வைத்தேன். சுட்டு முடித்து, சூடு ஆறும் முன்பே, சிந்திய எண்ணெயைக் கழுவ ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினேன். விளிம்பிலிருந்து விளிம்பு வரை நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு ஓடியது. மறுவாரம் அந்த மேடை இரண்டாகக் கிடந்தது. கிரானைட்டில் உள்ள தாதுக்கள் சூட்டில் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் விரிபவை. பாறையின் மேல் தீ மூட்டிப் பலகை பலகையாகப் பெயர்க்கும் பழைய முறை அந்தக் குணத்தை நம்பியதுதான். அதே கொல்லையில் என் பாட்டி பல ஆண்டுகள் குமுட்டி அடுப்பு வைத்திருந்தார். அது மூன்று செங்கல்லின் மேல்தான் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கேள்வி: அடுக்கக வீட்டின் பால்கனியில் சிறிய கரி கிரில் வைக்க எவ்வளவு இடைவெளி வேண்டும்? ஒரு பக்கம் ஏசியின் வெளி யூனிட், மறுபக்கம் தண்ணீர்க் குழாய்கள் உள்ளன. கரி சீக்கிரம் பிடிக்க டேபிள் ஃபேன் வைக்கலாமா? — வேளச்சேரி வாசகர்

பதில்: சுவரிலிருந்தும் எரியக்கூடிய பொருள்களிலிருந்தும் 10 அடி தள்ளி வைக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. அகலமே நான்கைந்து அடியாக இருக்கும் பால்கனியில் அது எங்கே கிடைக்கும்? ஆகவே பால்கனி வேண்டாம். பி.வி.சி. குழாய் தீப்பிடிக்கக்கூட வேண்டியதில்லை. சுமார் 80 டிகிரியிலேயே இளகித் தொய்ந்து, இணைப்பு கழன்று, மேல் வீட்டுத் தண்ணீரும் சேர்ந்து உங்கள் தலையில் இறங்கும். கொடியில் உலரும் துணியும் சன்னலில் அடித்த கொசுவலையும் அதைவிட விரைவில் இளகும் அல்லது பற்றும். மேல்வீட்டுக்காரரின் சன்னலுக்குள் உங்கள் புகை போவதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

ஃபேனைப் பற்றிய கேள்விதான் முக்கியமானது. கரி அடுப்பில் சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் கரி அல்ல, காற்று. அதே கரியைத் துருத்தி வைத்து ஊதித்தான் கொல்லர் இரும்பை மஞ்சளாகக் கனற்றி அடிக்கிறார். டேபிள் ஃபேனைத் திருப்பிவைத்தால் உங்கள் கிரில் சமையல் அடுப்பாக இருப்பதை விட்டுக் கொல்லன் உலையாக மாறிவிடும். ஆனால் கொல்லன் உலைக்கு இருக்கிற கனத்த மண் சுவர் அதற்குக் கிடையாது. தகடு செக்கச் சிவந்து தொய்ந்துபோவதும், திருகாணிகள் இளகிக் கால் சாய்வதும் இப்படித்தான். பறக்கும் பொறிகள் தனிக்கணக்கு. ஏசி யூனிட்டின் காற்றும் இதே வேலையை நீங்கள் கேட்காமலேயே செய்யும்.

எங்கள் தெரு முனையில் வேப்பமரத்தடியில் இஸ்திரி போடுபவர் இன்னமும் கரிப்பெட்டிதான் வைத்திருக்கிறார். அவர் பெட்டியில் விளிம்பு வரை கரி போடுவதில்லை. முக்கால் பங்கோடு நிறுத்துகிறார். காற்றுக்கு முகம் காட்டி வைத்துவிட்டு, கங்கின் மேல் சாம்பல் மெல்லிய போர்வையாகப் படரும் வரை காத்திருக்கிறார். பிறகு விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்து, அது சீறும் ஓசையைக் கேட்டு, சூடு அதிகமென்றால் மூடியை இறுக்கிக் காற்றை அடைத்துவிடுகிறார். பெட்டி ஓய்வெடுப்பது எப்போதும் இரும்புத் தாங்கியின் மேல்தான். விரித்த துணியின் மேல் ஒரு நொடிகூட அல்ல. கரி கிரில் விற்பவர்கள் தரும் எந்தக் கையேட்டையும்விட அவரைப் பத்து நிமிடம் நின்று பார்ப்பது பயனுள்ளது.

கேள்வி: பட்டறையில் மிச்சமிருந்த ஜி.ஐ. தகட்டை வைத்துக் குறைந்த செலவில் கிரில் செய்துகொண்டேன். முதல் முறை பற்றவைத்தபோது வெண்புகை கிளம்பியது. தகட்டின் மேல் பஞ்சுபோல் வெள்ளைப் பொடி படிந்தது. அன்று இரவு எனக்குக் குளிர்சுரம். இரண்டுக்கும் தொடர்பு உண்டா? — கோயம்புத்தூர் வாசகர்

பதில்: இருக்க வாய்ப்பு மிகுதி. ஜி.ஐ. தகடு என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும். 907 டிகிரியில் ஆவியாகும். கங்கு நேராகப் படும் இடத்தில் பூச்சு உருகி, ஆவியாகி, காற்றோடு சேர்ந்து துத்தநாக ஆக்சைடாகிறது. நீங்கள் பார்த்த வெண்புகையும் வெள்ளைப் பொடியும் அதுதான். அதை முகர்ந்த சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், நடுக்கம், உடல்வலி, வாயில் உலோகச் சுவை ஆகியவை வருவதை உலோகப் புகைக் காய்ச்சல் என்பார்கள். ஜி.ஐ. குழாயைப் பற்றவைக்கும் வெல்டிங் தொழிலாளர்களுக்கு இது பழக்கமான உபாதை. பால் குடித்தால் முறிந்துவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். அது நம்பிக்கையே தவிர மருந்து அல்ல. பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாகத் தணியும். மூச்சுத் திணறலோ நெஞ்சிறுக்கமோ இருந்தால் மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது புகையை முகர்ந்ததை மறக்காமல் சொல்லுங்கள், இல்லையென்றால் வைரஸ் காய்ச்சல் என்று எழுதி அனுப்பிவிடக்கூடும்.

அந்த அடுப்பை இனிப் பயன்படுத்த வேண்டாம். பூச்சு எல்லாம் எரிந்துபோய்விட்டதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். கங்கு படாத ஓரங்களில் அது அப்படியே இருக்கும். இறைச்சி வைக்கும் கம்பி வலையும் ஜி.ஐ. என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. நாம் எலுமிச்சையும் தயிரும் போட்டுத்தான் ஊறவைக்கிறோம். புளிப்பு துத்தநாகத்தைக் கரைத்து உணவில் சேர்க்கும். பழைய ஃபிரிட்ஜின் கம்பித் தட்டை எடுத்து வலையாகப் போடுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். அதன் மேல் என்ன பூச்சு இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள பூச்சில்லாத இரும்புத் தகடு போதும். செலவு செய்ய மனமிருந்தால் 304 வகை எவர்சில்வர். எவர்சில்வர் 300 டிகிரியைத் தாண்டியதும் வைக்கோல் நிறமாகவும் பிறகு நீலமாகவும் மாறும். அது மேற்பரப்பின் நிறமாற்றமே, அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. பழைய டிரம்மை இரண்டாக வெட்டிச் செய்வதாக இருந்தால், அதில் முன்பு என்ன இருந்தது என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய வேண்டாம். எண்ணெயோ கரைப்பானோ இருந்த மூடிய டிரம்மில் கட்டிங் மெஷினின் பொறி பட்டால், வெட்டுபவரே முதலில் பலியாவார்.

கேள்வி: மலைப்பகுதி விடுதிக்குப் போகும்போது, இரவில் சுட்டு முடித்த கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து வைத்தால் கணப்புபோல் இதமாக இருக்குமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். புகை அடங்கிய பிறகுதானே, என்ன ஆபத்து? — திண்டுக்கல் வாசகர்

பதில்: உயிர் போகும். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. புகை அடங்கிய கங்குதான் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடை மிகுதியாக வெளிவிடுகிறது. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிணைந்து, மூச்சு சீராக ஓடிக்கொண்டிருக்கும்போதே உடலை ஆக்சிஜனுக்கு ஏங்கவிடும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வரும். உறங்குபவருக்கு ஒன்றும் தெரியாது. சன்னலை ஒரு சாண் திறந்து வைப்பதும் கதவிடுக்கை நம்புவதும் போதா. குளிர் மலை ஊர்களில் இப்படி இரவில் படுத்தவர்கள் காலையில் எழாமற்போன செய்தியை நாளிதழில் நீங்களும் படித்திருப்பீர்கள்.

ஒரு அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால், உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்காமல் முதலில் எல்லோரையும் வெளியே திறந்தவெளிக்குக் கொண்டுவந்து, பிறகு 108-ஐ அழையுங்கள். கொரோனாக் காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்து, 98 காட்டுகிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். அந்தக் கருவிக்குக் கார்பன் மோனாக்சைடு பிணைந்த ஹீமோகுளோபினுக்கும் ஆக்சிஜன் பிணைந்ததற்கும் வேறுபாடு தெரியாது.

கேள்வி: முட்டை வடிவப் பீங்கான் கிரில் ஒன்று வாங்கினேன். 180 டிகிரியில் வைக்க நினைத்தது, நான் வேறு வேலையாக உள்ளே போய் வருவதற்குள் 370-ஐத் தாண்டிவிட்டது. காற்றுத் துளைகளை அடைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்து மூடியைத் திறந்ததும் தீ முகத்துக்கு நேராகச் சீறியது; புருவம் கருகிவிட்டது. மூடியின் விளிம்பிலுள்ள நாடாவும் தீய்ந்துவிட்டது. — துபாயில் பணிபுரியும் வாசகர்

பதில்: கண் தப்பியது நல்லகாலம். நடந்தது இதுதான். துளைகளை அடைத்ததும் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது. ஆனால் சூடு தீரவில்லை. கரியிலிருந்தும் சொட்டிய கொழுப்பிலிருந்தும் எரியக்கூடிய வாயுக்கள் கிளம்பி, எரியக் காற்றில்லாமல் மூடிக்குள் நிறைந்து காத்திருந்தன. நீங்கள் மூடியைத் திறந்து அவற்றுக்கு வேண்டிய காற்றைக் கொடுத்தீர்கள். மூடியைத் திறக்கும் முன் மேல், கீழ் இரண்டு துளைகளையும் சிறிது நேரம் திறந்துவையுங்கள். பிறகு பக்கவாட்டில் நின்றுகொண்டு, நீண்ட கையுறையோடு மூடியை இரண்டு விரற்கடை மட்டும் தூக்கி இறக்குங்கள். இப்படி மூன்று நான்கு முறை செய்த பின் முழுதாகத் திறக்கலாம்.

சூடு மிஞ்சியதன் காரணம் பீங்கானின் கனம். மெல்லிய தகட்டு அடுப்பில் காற்றை அடைத்தால் சற்று நேரத்தில் சூடு இறங்கும்; பீங்கான் சுவர் வாங்கிய சூட்டை மணிக்கணக்கில் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே ஏறும்போதே பிடிக்க வேண்டும். 180 வேண்டுமென்றால் 150-லேயே துளைகளைச் சுருக்கத் தொடங்குங்கள். தாண்டிப் போனதை இழுத்து நிறுத்துவது இதில் ஆகாது. மூடியில் பதித்த வெப்பமானி மூடிக்குள் இருக்கும் காற்றின் சூட்டைத்தான் சொல்கிறது, கம்பி வலையின் சூட்டை அல்ல. இரண்டுக்கும் பல பத்து டிகிரி வேறுபாடு இருக்கலாம். அவசரத்தில் தண்ணீர் தெளிக்க மட்டும் தெளிக்காதீர்கள்; பீங்கான் விரிசல்விடும், எரியும் கொழுப்பு நீராவியோடு சேர்ந்து தெறிக்கும். நாடா மாற்றக்கூடிய உதிரிப்பொருள்தான். ஆனால் அதை மாற்றாமல் சமைத்தால் இடுக்கு வழியே காற்று புகுந்து, அடுத்த முறையும் இதே கடிதத்தை எழுதுவீர்கள்.

கேள்வி: கிரில் மூடியின் உட்புறத்தில் பெயின்ட் உரிந்து செதில் செதிலாக உணவில் விழுகிறது. விற்றவரிடம் திருப்பிக் கொடுக்கலாமா? — நாகர்கோவில் வாசகி

பதில்: உட்புறத்தில் உரிவது பெரும்பாலும் பெயின்ட் அல்ல; புகையும் கொழுப்பும் அடுக்கடுக்காகப் படிந்து கரியாகி உதிர்வது. மூடி ஆறியபின் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். அடியில் பளபளப்பான எனாமல் முழுதாகத் தெரிந்தால் அடுப்பில் குறையில்லை. வெளிப்புறப் பெயின்ட் கொப்பளித்திருந்தால்தான் சூடு அளவு மீறிப் போயிருக்கிறது என்று பொருள்.

கேள்வி: கரி பற்றிக்கொள்ள மண்ணெண்ணெய்க்குப் பதில் ஹேண்ட் சானிடைசர் ஊற்றுகிறோம். அது பாதுகாப்பானதுதானே? — விருதுநகர் வாசகர்

பதில்: இல்லை. சீமைக்கருவேலங்கரி தாராளமாகக் கிடைக்கும் மாவட்டத்திலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பதில் எனக்குச் சற்று வருத்தம்தான். கரிமூட்டம் போடுகிறவர் யாரும் சானிடைசரைத் தேடிப் போவதில்லை. சாராயச் சத்து எரியும் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. அணைந்துவிட்டதென்று நினைத்து மறுபடி ஊற்றும்போது தீ அந்தத் தாரையில் ஏறிக் கையிலுள்ள புட்டிக்கே வரும். பெட்ரோலைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. இரண்டு தாள் செய்தித்தாளைக் கசக்கி, அதன் மேல் தேங்காய் நாரும் கொட்டாங்கச்சித் துண்டுகளும் வைத்து, கரியைக் கூம்பாகக் குவித்துப் பற்றவைத்தால் அரை மணிக்குள் பிடித்துவிடும். பற்றிய கரியின் மேல் எதையும் ஊற்றக் கூடாது; மண்ணெண்ணெய்க்கும் இது பொருந்தும்.

கேள்வி: கோழி வெளியே கரிந்துபோகிறது, எலும்பருகே பச்சையாக இருக்கிறது. — ஈரோடு வாசகி

பதில்: கரியை அடுப்பு முழுவதும் பரப்பாமல் ஒரு பாதியில் மட்டும் குவியுங்கள். கங்குள்ள பக்கத்தில் நிறம் வரும் வரை சுட்டு, பிறகு கங்கில்லாத பக்கத்துக்கு நகர்த்தி மூடிவையுங்கள். கனத்த பகுதியின் நடுவே 74 டிகிரி எட்ட வேண்டும். ஊசி வெப்பமானியின் முனை எலும்பில் படாமல் குத்திப் பாருங்கள்.

கேள்வி: இரவு பத்து மணிக்குச் சுட்டு முடித்தோம். காலையில் சாம்பல் குளிர்ந்து சாம்பல் நிறமாகத்தான் இருந்தது. பாலித்தீன் பையில் கட்டி மாடிப்படியின் கீழே இருந்த பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் போட்டோம். பத்தரை மணிக்குத் தொட்டியே உருகி எரிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் நெருப்பு இருக்குமா? — மதுரை வாசகர்

பதில்: இருக்கும். நீறு பூத்த நெருப்பு என்று நாம் மனிதர்களின் கோபத்துக்கு உவமை சொல்லிச் சொல்லி, அது முதலில் அடுப்பைப் பற்றிய எச்சரிக்கை என்பதை மறந்துவிட்டோம். சாம்பல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. உள்ளே இருக்கும் கங்குக்கு அது கம்பளி போர்த்தியதுபோல. காற்றும் குறைவாகக் கிடைப்பதால் கங்கு வேகமாக எரிந்து தீராமல், உள்ளுக்குள் மெல்லக் கனன்றுகொண்டே கிடக்கும். பாட்டிமார் இரவில் அடுப்புக் கங்கைச் சாம்பலால் மூடிவைத்து, விடியற்காலையில் கிளறி ஊதிப் பற்றவைத்தது இந்தக் குணத்தை நம்பித்தான். நீங்கள் காலையில் அள்ளிப் பையில் கொட்டியபோது போர்வை விலகிக் கங்குக்குக் காற்று கிடைத்தது. பாலித்தீனும் காகிதமும் பக்கத்திலேயே இருந்தன.

மேலே கையை வைத்துப் பார்த்துச் சூடில்லை என்று முடிவு செய்வது இதனால்தான் பயன்படாது. அடுப்பின் துளைகளையும் மூடியையும் முழுக்க அடைத்து, 48 மணி நேரம் தொடாமல் விட்டுவிடுங்கள். அதற்குமுன் அகற்றியே ஆகவேண்டுமென்றால், மூடியுள்ள இரும்பு வாளியில் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, தள்ளி நின்று, தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கிளறி, மறுபடி விட்டுக் கிளறி, சீறல் முற்றிலும் நின்ற பிறகும் வாளியைக் கட்டாந்தரையில் வெளியே வையுங்கள். முழு வாளித் தண்ணீரை ஒரேயடியாகக் கவிழ்த்தால் எழும் நீராவி கையைத்தான் முதலில் வேகவைக்கும். சூடான அடுப்புக்குள்ளேயே தண்ணீர் ஊற்றினால் தகடு நெளியும், எனாமல் தெறிக்கும். உங்கள் வீட்டுத் தொட்டியோடு போனது நல்லது. அந்தப் பையைத் தூய்மைப் பணியாளர் வாங்கித் தம் வண்டியில் போட்டுக்கொண்டு போயிருந்தால், நடுத்தெருவில் அவர்தான் அதை அணைத்துக்கொண்டிருப்பார்.

கடற்கரையில் சுட்டுவிட்டுக் கங்கை மணலில் புதைத்துவிட்டு வருகிறோம், அது பரவாயில்லையா என்றும் உங்கள் கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். மணலும் சாம்பலைப் போலவே போர்வைதான். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்துச் செருப்பில்லாமல் ஓடிவரும் குழந்தையின் கால் நேராக அதில் போய் இறங்கும். கொண்டுபோன கங்கை இரும்பு வாளியில் திரும்பக் கொண்டுவாருங்கள். யாருக்காவது கால் சுட்டுவிட்டால் மணலைத் தட்டிவிட்டு, 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, மை, ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சுத்தமான துணியைத் தளர்வாகப் போர்த்தி மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். உள்ளங்கால் தீக்காயம் சிறியதாகத் தெரிந்தாலும் அவர் பார்த்தாக வேண்டும்.